இரவல் சின்னமும் சொந்தப் பானையும்

(இளைஞர் படிப்பு வட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஓட்டே வேண்டாம்னு சுவரில் எழுதிக்கிட்டுத் திரிந்தவன் நான். விடுதலைச் சிறுத்தைகள் 1999இல் தேர்தல் பாதைக்கு வந்தபோது, 'இனி சின்னம் கேட்டு எவன் வாசலில் நிற்பது?' என்று கோபப்பட்டவன். அந்தக் கேள்வி இன்றைக்கும் தப்பான கேள்வி இல்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

கட்சி தொடங்குவதை யாரும் தடுக்கலை. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29ஏ பிரிவின்படி பதிவு செய்யலாம். ஆனால் பதிவு வேறு, அங்கீகாரம் வேறு. பதிவு என்பது பேர் எழுதி வைப்பது. அங்கீகாரம் கிடைத்தால்தான் சின்னம் சொந்தம். 1968ஆம் ஆண்டுச் சின்னங்கள் ஆணை போட்ட கோடு இது. அங்கீகாரம் உள்ள கட்சி வேட்பாளருக்கு ஒருத்தர் முன்மொழிந்தால் போதும். மற்றவருக்குப் பத்துப் பேர் வேணும். ஓட்டுச் சீட்டில் அவங்க பேர் மேலே, மற்றவங்க பேர் கீழே. அங்கீகாரம் இல்லாதவனுக்குச் சின்னம் உறுதியாவது பல நேரம் மனு வாபஸ் முடிந்த பிறகுதான். அதிலிருந்து ஓட்டுப்பதிவுக்குள் சட்டம் உறுதி தருவது 14 நாள். அதுக்குள்ளே எழுத்து தெரியாத ஆத்தா மனசில் அந்தப் படத்தைப் பதிய வைக்கணும்.

அதனால்தான் இரவல் சின்னம். 2001இல் தோழர் திருமாவளவன் மங்களூர் தொகுதியில் ஜெயித்தது உதயசூரியனில். சபைக் கணக்கில் அவர் தி.மு.க. உறுப்பினர். கொறடா பேச்சை மீறி ஓட்டுப் போட்டால் கட்சித் தாவல் சட்டம் பாயும். 2004இல் அவரே பதவியை விட்டு விலகினார். சேரி போட்ட ஓட்டு அடுத்தவன் பேரேட்டில் வரவானது.

மாநிலக் கட்சியாக என்ன வேணும்? சட்டமன்றத் தேர்தலில் 6 சதவீத ஓட்டும் 2 இடமும் ஒரு வழி. மொத்த இடத்தில் 3 சதவீதம் இன்னொரு வழி. 234இல் அது ஏழைத் தாண்டும். 2021இல் கூட்டணியில் நமக்குக் கொடுத்ததே 6 இடம். பானைச் சின்னத்தில் நின்று நாலில் ஜெயித்தோம். அதில் நாகப்பட்டினமும் திருப்போரூரும் பொதுத் தொகுதி. அங்கீகாரம் வரலை. ஆறிலும் ஜெயித்திருந்தாலும் வந்திருக்காது! அப்போ நம்ம தகுதியைத் தீர்மானிப்பது நம்ம ஓட்டா, கூட்டணி மேசையில் அளந்து போடுகிற படியா?

மக்களவைக் கணக்கு வேறு. 25 இடத்துக்கு ஒருத்தர். தமிழ்நாட்டின் 39க்கு இரண்டு பேர். 2024இல் சிதம்பரம், விழுப்புரம் இரண்டிலும் பானை ஜெயித்தது. 2025 ஜனவரியில் அங்கீகாரம் வந்தது, பானையும் நமக்கென்று ஒதுக்கப்பட்டது.

அது சும்மா வந்த பானை இல்லை. 2019 ஏப்ரல் 18, ஓட்டுப்பதிவு நாளில், பொன்பரப்பியில் பானையை நடுத்தெருவில் போட்டு உடைத்தார்கள். நம்ம சனங்க வீடுகளை நொறுக்கினார்கள். சின்னம் வெறும் படம் என்றால் அதை ஏன் உடைக்கணும்?

ஆனாலும் மயங்க வேண்டாம். பாபாசாகேபின் பட்டியல் சாதியினர் கூட்டமைப்பு 1951-52 தேர்தலில் யானைச் சின்னத்தோடு தேசியக் கட்சியாக நின்றது. தேர்தல் முடிந்ததும் ஓட்டு போதாதென்று அந்தத் தகுதி போய்விட்டது. அங்கீகாரம் பட்டா இல்லை தோழர்களே, குத்தகை. காலத்துக்குக் காலம் கணக்குக் காட்டணும்.

அதனால் நான் சொல்வது ஒன்றுதான். பேச்சுவார்த்தையில் எத்தனை இடம் என்று கேட்பதற்கு முன்னால், எந்தச் சின்னம் என்று நம்ம தலைமையைக் கேளுங்கள். சுவரில் 'ஓட்டு வேண்டாம்' என்று எழுதின கை, இன்றைக்குப் பானை வரைகிறது. அந்தப் பானையில் என்ன பொங்குது என்று கேட்கும் உரிமையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

ஜெய்பீம்.