மறையும் கதிரவனும் மாலைக் காபியும்

(காஞ்சிபுரத்தில் நடைபெற்ற விழாவில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

திருப்பருத்திக்குன்றத்துத் திருக்கோயிலை வணங்கி வாழும் சமணப் பெருமக்களிடம் உணவொழுக்கம் பற்றிப் பேசுவது, கொல்லர் தெருவில் ஊசி விற்பது போன்றது. கதிரவன் மறைந்தபின் உண்ணாமை என்னும் நோன்பைத் தலைமுறைகளாகக் காத்து வருபவர்கள் நீங்கள். ஆயினும், அந்நோன்பு மீறப்படாமலேயே நம் உறக்கத்தைக் குறைக்கும் ஒரு பழக்கத்தை எடுத்துரைக்க விழைகிறேன்.

‘பொழுது சாய்ந்தபின் எதையும் உண்பதில்லை, ஆயினும் உறக்கம் வருவதில்லை’ என்று, மருத்துவம் பார்க்கும் என்னிடம் முறையிடுவோர் பலர். ‘கடைசிக் காபி எத்தனை மணிக்கு?’ என்று கேட்பேன். ‘பொழுது சாய்வதற்குள், 6 மணிக்கு’ என்பதே பெரும்பாலோர் விடை. நோன்பு வழுவவில்லை, வழுவியது உறக்கமே.

காரணம் இதுதான். நாம் விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்னும் பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. அது மிகும்போது உறக்கம் அழைக்கிறது. காபியிலும் தேநீரிலும் உள்ள காஃபீன், அடினோசின் சென்று பொருந்த வேண்டிய இடங்களைத் தான் பற்றிக்கொள்கிறது. களைப்பு நீங்குவதில்லை, களைப்பின் செய்தி மறைக்கப்படுகிறது, அவ்வளவே.

உட்கொண்ட காஃபீனில் பாதி உடலை விட்டு நீங்கச் சராசரியாக 5 மணி நேரம் ஆகும். 6 மணிக்கு அருந்தியதில் பாதி இரவு 11 மணிக்கும், கால் பங்கு விடியற்காலை 4 மணிக்கும் உடலில் இருக்கும். சிலர்க்கு இது விரைவாகவும், சிலர்க்குத் தாமதமாகவும் நிகழும். கருவுற்ற தாய்மார்க்கு மிகவும் தாமதமாகும்.

2013ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் கிறிஸ்டோபர் டிரேக் குழுவினர் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. உறங்கச் செல்வதற்கு 6 மணி நேரம் முன்பு 400 மில்லிகிராம் காஃபீன் உட்கொண்டோர்க்கும் உறக்கம் ஒரு மணி நேரத்திற்கு மேல் குறைந்தது. அது ஏறத்தாழ நான்கு குவளைக் காபிக்கு நிகரான பெரிய அளவுதான். ஆனால், கருவி காட்டிய இழப்பை அவர்கள் முழுமையாக உணரவில்லை என்பதே நாம் கருத வேண்டியது. ‘எனக்குக் காபி ஒன்றும் செய்யாது’ என்போர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் ஊர்த் தறிக்கூடங்களை நினையுங்கள். திருமணக் காலத்தில் சேலையை முடித்துக் கொடுக்க, இரவிலும் தேநீர் அருந்தி நெய்வோர் உளர். கோர்வைச் சேலையில் கரையும் உடலும் சேருமிடத்தில் கண்ணும் கையும் ஒருசேர நிற்க வேண்டும். உறக்கம் குறைந்தவரின் கவனம் மறுநாள் தளர்கிறது. அத்தளர்ச்சியைப் போக்க மீண்டும் தேநீர். அதனால் மீண்டும் உறக்கக் குறைவு. இச்சுழலில் தேய்வது நெசவாளரின் உடல்நலம்.

நோன்பிருப்போர்க்கும் ஒரு சொல். உபவாச நாளில் வரும் தலைவலியைப் பசியால் வந்ததென்றே கருதுகிறோம். நாள்தோறும் காபி அருந்துவோர் திடீரென நிறுத்தினால், 12 முதல் 24 மணி நேரத்திற்குள் தலைவலியும் சோர்வும் தோன்றக்கூடும். எனவே நோன்புக்கு ஒரு வாரம் முன்பிருந்தே அளவைச் சிறிது சிறிதாகக் குறைத்து வாருங்கள்.

காபியைத் துறக்குமாறு நான் வேண்டவில்லை. காலைக் காபி இருக்கட்டும். கடைசிக் குவளை நண்பகலோடு முடியட்டும். மாலையில் காபித்தூள் சேராத சுக்குமல்லி நீரோ, பாலோ போதும். இரண்டு வாரம் இதனைக் கடைப்பிடித்துப் பாருங்கள். அதன் பின்னும் உறக்கம் வரவில்லையெனில் மருத்துவரை நாடுங்கள். காரணம் வேறாக இருக்கலாம்.