தூரம் அளக்கும் உணரி எது?



பார்வையற்றோர்க்கு எதிரே உள்ள தடையை ஒலியெழுப்பி உணர்த்தும் கைத்தடி ஒன்றைச் சிறு செலவில் செய்ய நாம் விரும்புகின்றோம். அதற்கேற்ற உணரி எது?

ஷார்ப் நிறுவனத்தின் செங்கீழ்க்கதிர் உணரியான ஜீ.பி.2வை0ஏ21 என்பது 10 முதல் 80 சென்ரிமீற்றர் வரையே அளக்கும். நடப்பவர்க்கு அது போதாது. லேசர் உணரியான வீ.எல்.53எல்0எக்ஸ் 2 மீற்றர் வரை நுட்பமாக அளக்கும். ஆயினும் காலி வீதியின் நண்பகல் வெயிலில் அதன் எல்லை குறுகும். கொள்ளுப்பிட்டிக் கடைகளின் கண்ணாடிக் கதவை ஊடுருவி, வழி திறந்திருப்பதாகவும் அது கூறிவிடக்கூடும்.

மலிவான கழியொலி உணரியோ எச்.சி.-எஸ்.ஆர்.04 ஆகும். வௌவாலைப் போல ஒலியனுப்பி, எதிரொலி மீளும் நேரத்தைக்கொண்டு 2 சென்ரிமீற்றர் முதல் 4 மீற்றர் வரை அளக்கும். வெயில் அதனை மயக்காது. கண்ணாடியையும் அது காணும். ஆனால் மெல்லிய துணியும் சரிந்த சுவரும் எதிரொலியைக் கெடுக்கும். மழையும் அதற்கு ஆகாது. காலடிப் பள்ளத்தையோ தடியால் தட்டியே அறியவேண்டும். ஆதலால் உணரி கைத்தடிக்குத் துணையேயன்றி அதற்கு ஈடாகாது.

விலையைக் கேட்குமுன், எங்கே, எவருக்காக அளக்கின்றோம் என்பதை முதலிற் கேட்போமாக.