அந்தக் கூலி யாருடையது?



1984-ஆம் ஆண்டு இதே திருப்பூரில் பனியன் தொழிலாளர்கள் பஞ்சப்படி கேட்டு 127 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தனர். உழைத்தவருக்கு உரியதை மற்றொருவர் எடுத்துக்கொள்வது அநீதி என்று இவ்வூர் அன்று நாட்டுக்கு உணர்த்திற்று. அந்த வீரத்தை மேடைதோறும் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆனால் அந்த நீதி நம் வீட்டு வாசற்படியோடு நின்றுவிடுவது ஏன்?

பிசிர் வெட்டியும், செக்கிங் பார்த்தும், தையல் இயந்திரத்தின் முன் முதுகு வளைத்தும் உழைத்த பெண், சனிக்கிழமை இரவு கூலியோடு வீடு திரும்புகிறாள். கணவன் அதைப் பறிக்கிறான். "ஏன்?" என்றால் அடி விழுகிறது. துணியில் ஊசிமுனை அளவு ஓட்டையையும் கண்டுபிடிக்கும் கண்கள் அவளுக்கு உண்டு. தன் வாழ்வின் கிழிசலை மட்டும் "விதி" என்கிறாள். அது அவள் குற்றமா? அடிக்கிற கைதான் அணைக்கும் என்று குழந்தைப் பருவம் முதல் ஓதி வைத்தவர்கள் நாமன்றோ!

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வைப் பாருங்கள். தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 38 விழுக்காட்டினர் கணவனின் வன்முறைக்கு ஆளானவர்கள். நாடு முழுவதும், வன்முறைக்கு ஆளான பெண்களில் உதவி நாடியவர்கள் 14 விழுக்காடே! ஏதேனும் ஒரு காரணத்திற்காகக் கணவன் அடிப்பது சரியே என்ற ஆண்கள் 44 விழுக்காடு, பெண்கள் 45. "பெண்களே ஒப்புகிறார்களே" என்று மகிழ்வோர் உண்டு. விலங்கை மாட்டி, அதை வளையல் என்று நம்பவும் வைத்தவன், "அவளே வளையல் என்கிறாள்" என்று சாட்சி காட்டுவது போன்றது அது!

2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் உள்ளது. அடி மட்டுமன்று, இழிசொல்லும், அவளுக்குரிய பொருளைப் பறிப்பதும் வன்முறையே என்கிறது அது. வீடு கணவன் பெயரில் இருந்தாலும், வாடகை லைன் வீடானாலும், சட்ட நடைமுறையின்றி அவளை வெளியே தள்ளுதல் கூடாது. பாதுகாப்பு அலுவலர் வழியாகவோ நேரடியாகவோ நடுவர் மன்றத்தில் அவள் முறையிடலாம். பாதுகாப்பு ஆணையை மீறினால் ஓராண்டு வரை சிறை உண்டு. 181 என்ற எண்ணை அழைத்தால் உதவி கிடைக்கும். இவை எத்தனை பனியன் கம்பெனிப் பெண்களுக்குத் தெரியும்? தெரியச் செய்வது நம் கடமையல்லவா?

நள்ளிரவில் அடுத்த வீட்டு அலறல் கேட்டு, "குடும்ப விவகாரம்" என்று திரும்பிப் படுக்கும் தோழரே! முதலாளி தொழிலாளியைக் கம்பெனி வாயிலில் அடித்தால் அதைச் சொந்த விவகாரம் என்பீரா? உதவி தேடி நம்மிடம் வந்தவளைச் சமாதானம் பேசி, அதே அடிக்குத் திருப்பி அனுப்புவது நியாயமா?

ஊருக்குச் சமத்துவம் பேசும் நம்மில் எவர் கையேனும் வீட்டில் ஓங்கியிருந்தால், முதலில் அது தாழட்டும். அவள் கூலி அவள் கையில் இருக்கட்டும். அதன் பிறகு கொடியை உயர்த்துவோம். அப்போதுதான் அதைப் பிடிக்கும் தகுதி நமக்கு உண்டு!