கர்ணனுக்கு அழுகிற ஊர்

(ராஜகுளத்தில் நடந்த கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



எனக்கு முன்னால் பேசிய தோழர்கள் சட்டம் பேசினார்கள், வழக்கு பேசினார்கள். நான் கூத்தைப் பற்றிப் பேசப் போகிறேன். சிரிக்காதீர்கள், அதிலும் வழக்கு இருக்கிறது.

நம் பக்கத்துப் பழக்கங்கள் சில வெளியூர்க்காரருக்குப் புரிவதே இல்லை. மதுரைப் பக்கத்துத் தோழர் ஒருவரை உத்திரமேரூர் வட்டாரத்தில் ஒரு படுகளத்துக்கு அழைத்துப் போனேன். முப்பது நாற்பது அடி நீளத்துக்கு மண்ணால் செய்து தரையில் படுக்கவைத்த துரியோதனனைப் பார்த்ததும், "என்ன தோழர், ஏர்போர்ட்டுக்கு ஓடுதளம் மாதிரி இருக்கு?" என்றார். கூத்தில் பீமன் வேஷம் கட்டியவர் கதையோடு வந்து தொடையைப் பிளந்தார். உள்ளே வைத்திருந்த குங்குமத் தண்ணீரை எடுத்துத் திரௌபதி கூந்தலில் தடவி முடித்தார்கள். கூட்டம் ஓடிப்போய் அந்த மண்ணைப் பிடி பிடியாக அள்ளியது. "கெட்டவன் மண்ணை ஏன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறாங்க?" என்று கேட்டார். நெல் குதிரில் போட்டால் தானியம் பெருகும் என்று நம்புகிறார்கள் என்றேன். அவருக்கு அதற்குமேல் கேட்கத் தோன்றவில்லை.

அவர் பார்த்தது கடைசி நாளை மட்டும்தான். அதற்கு முன்னால் பத்து நாள், பதினெட்டு நாள் என்று பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து. பகாசூரனுக்குச் சோறு ஏற்றிய வண்டியில் பீமன் தின்றுகொண்டே தெருத்தெருவாக வருவான். அர்ச்சுனன் தபசு மரத்தில் ஏறி மேலிருந்து எலுமிச்சம்பழம் எறிவான். பிள்ளை வேண்டும் என்று நிற்கிற பெண்கள் கீழே முந்தானை ஏந்துவார்கள். எனக்குக் கடவுள் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் தபசு மரம் ஏறுகிற இரவில் வீட்டில் உட்கார்ந்திருக்க என்னால் முடியாது. கூத்துக்காரர் குரல் ஏறும்போது உடம்பு தானாக எழுந்துவிடும். இந்த மண்ணில் வளர்ந்தவர்களுக்கு அது தெரியும்.

இதில் எனக்கு எப்போதும் வியப்பாக இருப்பது கர்ண மோட்சம். சாவு வீட்டில், காரியத்தன்று கூத்து வைப்பார்கள் என்று சொன்னால் வெளியூரில் நம்ப மாட்டார்கள். நம் பக்கத்தில் வைப்பார்கள், அதுவும் பெரும்பாலும் கர்ண மோட்சம்தான். பெற்ற அப்பனுக்கு அழாதவன்கூட கர்ணன் விழும்போது அழுதுவிடுவான்.

யார் இந்தக் கர்ணன்? வில்லை எடுத்துக்கொண்டு அரங்கத்துக்கு வந்தவனிடம் நீ என்ன குலம் என்று கேட்டார்கள். அவன் திறமையைப் பற்றி யாரும் கேட்கவில்லை. தேரோட்டி மகன் என்று சொல்லிச் சிரித்தார்கள். நம் கூத்து அதோடு விடவில்லை. பொன்னுருவி என்று ஒரு மனைவியைக் கொண்டுவந்து நிறுத்தியது. இவன் பிறப்பு தாழ்ந்தது என்று சொல்லி அவள் அவனை மதிக்க மறுக்கிறாள். நாளைக்குச் சாகப் போகிறவன் விடைபெற வந்து நிற்கிறான், அப்போதும் அவனுடைய பிறப்பைத்தான் பேசுகிறாள். இதை எழுதியவனுக்கும் ஆடியவனுக்கும் சாதி என்றால் என்ன என்று நன்றாகத் தெரிந்திருக்கிறது. விடியவிடிய உட்கார்ந்து ஊரே அவனுக்காக அழுகிறது. விடிந்ததும் அதே ஊர், கோயில் வாசலில் நின்று, நீ எந்தத் தெரு என்று கேட்கிறது.

நான் வளர்ந்த ஊரின் பெயர் இங்கே வேண்டாம். அங்கே தீமிதிக்குக் கட்டை வெட்டிப் போட எங்கள் தெரு வேண்டும். பறையடிக்கவும் எங்கள் தெரு வேண்டும். வரி மட்டும் வாங்க மாட்டார்கள். திருவிழாவுக்கு வீட்டுக்கு இவ்வளவு என்று நோட்டுப் போட்டு வசூல் செய்வார்களே, அந்த நோட்டில் எங்கள் தெரு கிடையாது. சிறுவயதில், பணம் மிச்சம்தானே என்று நாங்கள் சொல்லும்போது என் பாட்டி முறைப்பார். வரி கொடுத்தவனுக்குத்தான் பங்கு. அம்மன் எந்தத் தெருவில் திரும்ப வேண்டும், யார் வீட்டு வாசலில் நிற்க வேண்டும், கூத்துப் பாயில் யார் முன்னால் உட்காரலாம், எல்லாம் அந்த நோட்டிலிருந்துதான் வருகிறது. ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் ஒரே பதில்தான்: "அது இந்த ஊரு வழக்கம்பா."

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் என்ன நடந்தது? அங்கே இருப்பதும் தர்மராஜா திரௌபதி அம்மன் கோயில்தான். 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே போன தலித் இளைஞர்களை அடித்தார்கள். பேச்சுவார்த்தை மேல் பேச்சுவார்த்தை நடந்தது. ஜூன் 7 அன்று வருவாய்த் துறை கோயிலைப் பூட்டி சீல் வைத்தது. 2024 மார்ச்சில் திறந்தபோதும் பூசாரிக்கு மட்டும்தான் அனுமதி. 2025 ஏப்ரல் 17 அன்று போலீஸ் பாதுகாப்போடு தலித் மக்கள் உள்ளே போனார்கள். கோயில் நுழைவை உரிமையாக்கிய சென்னை மாகாணச் சட்டம் 1947-ல் வந்தது. கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

சபையில் இழுத்து வரப்பட்டு, பெரியவர்களைப் பார்த்து நியாயம் கேட்டவள் திரௌபதி. பீஷ்மர் முதல் ஒருவரும் பதில் சொல்லவில்லை. அவள் கோயிலுக்கு முன்னால் நின்று நம் பிள்ளைகள் நியாயம் கேட்டால், ஊர்ப் பெரியவர்கள் அதே மாதிரி தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கதையை எத்தனை முறை கேட்டு என்ன?

நம் தோழர்களில் சிலர் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். சாமியே இல்லை என்கிறோம், பிறகு அந்தக் கோயிலுக்குள் நுழைந்தால் என்ன, நுழையாவிட்டால் என்ன என்பார்கள். வைக்கத்தில் 1924-ல் பெரியார் சிறைக்குப் போனது சாமி கும்பிடவா? கோயிலைச் சுற்றியிருந்த தெருவில் மனிதன் நடப்பதற்காக. அம்பேத்கர் 1930-ல் நாசிக்கில் காலாராம் கோயில் போராட்டம் நடத்தியதும் பக்தி முற்றியதால் அல்ல. சாமி வேண்டாம் என்று சொல்வதற்குக்கூட, அது முதலில் என் முன்னால் திறந்திருக்க வேண்டும். பூட்டிய கதவைப் பார்த்து நான் நாத்திகன் என்று சொன்னால் கதவைப் பூட்டியவனுக்குத்தான் வசதி.

வழக்கத்தை மாற்ற முடியாது என்கிறார்கள். கூத்திலேயே மாறியிருக்கிறது. பெண் வேஷத்தைக்கூட ஆண்தான் கட்டுவான், பெண் மேடையேறக் கூடாது என்பது நம் வழக்கமாக இருந்தது. காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் பெருங்கட்டூர் ராஜகோபால் நடத்திய கட்டைக்கூத்து குருகுலத்தில் பெண் பிள்ளைகள் புஜக்கட்டை கட்டி ராஜ வேஷமே ஆடினார்கள். வானம் இடிந்து விழவில்லை. மழையும் நிற்கவில்லை. முன்பு கியாஸ் லைட்டில் நடந்த கூத்து இப்போது எல்இடி வெளிச்சத்தில் நடக்கிறது. படுகளத்து மண்ணைக் கொட்ட ஜேசிபி வருகிறது. அதற்கெல்லாம் எந்த ஊரும் வழக்கம் கெட்டுவிட்டது என்று பஞ்சாயத்துக் கூட்டவில்லை.

பங்குனி முடிந்ததும் ஊர் ஊராக வரி நோட்டுப் போடுவார்கள். உங்கள் ஊரில் வீட்டுக்கு எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். தெருவே சேர்ந்து, அம்மாமார்கள் முன்னால் நிற்க, அந்தப் பணத்தை நோட்டு வைத்திருப்பவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள். வாங்கினால் பெயரை எழுதிய பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வாங்காவிட்டால் கையை ஓங்காதீர்கள், வாயையும் விடாதீர்கள். தேதி, நேரம், அவர் சொன்ன சொல், மூன்றையும் அப்படியே எழுதி, போன தெருக்காரர்கள் அத்தனை பேரும் கையெழுத்துப் போட்டுக் கோட்டாட்சியருக்கு மனுவாகக் கொடுங்கள். ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள். மனுவின் மாதிரி இந்த மேடைக்குப் பக்கத்து மேசையில் இருக்கிறது. ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டு போங்கள்.