பர்மிங்காம் நகரத்துக் கொட்டுக்காரர்



இவ்வெள்ளி விழாவில் கல்வியைப் பற்றிப் பேசுமாறு நம்மைப் பணித்தார்கள். ஆயினும் மாணவன் ஒருவன் கேட்ட கேள்வி மனத்தைவிட்டு அகலாமையால், கொட்டுக்காரர் ஒருவரின் வாழ்க்கையைப் பற்றிப் பேச விழைகின்றோம். "டிரம்ஸ் வாசிப்பதையே தொழிலாகக் கொள்ளலாமா, ஐயா?" என்று அம்மாணவன் கேட்டான். அவன் தந்தையோ, "எங்கப்பன் தோளிலிருந்து தப்பட்டையை இறக்க எத்தனை பாடுபட்டோம்! மறுபடியும் கொட்டா?" என்று கண்கலங்கினார். இருவர் சொல்லிலும் நியாயம் இருந்தது.

போத்தனூரில் வளர்ந்த நமக்கு டிரம்ஸ் புதிதன்று. இரயில்வே குடியிருப்பில் ஆங்கிலோ-இந்தியர் நடன இரவுகளில் அது முழங்கக் கேட்டிருக்கின்றோம். அதே இரவில் சாவு வீட்டு வாசலில் நம்மவர் தப்பட்டையும் முழங்கும். அங்கே வாசித்தவருக்குக் கைதட்டல். இங்கே வாசித்தவருக்குத் திண்ணையில் உட்காரவும் இடமில்லை.

பில் வார்ட் 1948-இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில், ஆஸ்டன் என்னும் தொழிலாளர் பகுதியில் பிறந்தார். நம் கோவையைப் போன்றே ஆலைகள் நிறைந்த ஊர் அது. 1968-இல் அவரும் அப்பகுதி இளைஞர் மூவரும் தொடங்கிய குழுவே பின்னர் 'பிளாக் சாபத்' எனப் பெயர் பெற்றது. அவர்களுள் கிட்டார் வாசித்த டோனி அயோமி, தகட்டு ஆலை இயந்திரத்தில் இரு விரல் நுனிகளை இழந்தவர். 1970 பிப்ரவரியில் வெளிவந்த அவர்களின் முதல் இசைத்தட்டிலிருந்தே 'ஹெவி மெட்டல்' இசை பிறந்தது என்பர் பலர். நம் காதுக்கு அது இன்றும் இரைச்சலே; ஆனால் ஜமாப்பும் துடும்பும் அதிரும் நாட்டில் பிறந்தவர்கள் இரைச்சலைக் குறை சொல்லலாகாது! அவ்விரைச்சலுக்குள்ளும் வார்டின் கை நெளிந்து குழைந்து நடக்கும். ஜீன் குருபா, பட்டி ரிச் ஆகியோரின் ஜாஸ் இசையைக் கேட்டு வளர்ந்த கை அது. அந்த ஜாஸோ அமெரிக்கக் கறுப்பின மக்கள் உலகுக்கு அளித்தது.

புகழ் வந்தது; மதுவும் உடன் வந்தது. 1980-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின் நடுவிலேயே வார்ட் விலகினார். குடியே காரணம் எனப் பின்னர் அவரே ஒப்புக்கொண்டார். பிறகு குடியை அறவே விட்டார். நம் பாட்டன்மார்க்கோ கூலியில் பாதி சாராயமாகவே அளக்கப்பட்டது.

2012-இல் பழைய குழு மீண்டும் கூடிற்று. கையெழுத்திடத் தக்க ஒப்பந்தம் தரப்படவில்லை என்று கூறி வார்ட் சேர மறுத்தார். 2013-இல் வந்த இசைத்தட்டில் வேறொருவர் வாசித்தார். இளைஞர்களே, அந்த மறுப்பைச் சற்று எண்ணிப் பாருங்கள். "கொட்ட வரமாட்டேன்" என்ற சொல்லுக்காக நம்மவர் வேலையும் குடியிருப்பும் இழந்த காலம் உண்டு. அத்தந்தையின் அச்சம் டிரம்ஸைக் கண்டு எழுந்ததன்று. அந்தக் காலத்தைக் கண்டு எழுந்தது.

2025 ஜூலை 5 அன்று ஆஸ்டனிலுள்ள வில்லா பார்க் மைதானத்தில் பழைய நால்வரும் இறுதியாக மேடையேறினர். டிரம்ஸின் முன் அமர்ந்தவர் 77 வயது வார்டே. அவ்வாண்டில்தான் அலங்காநல்லூரைச் சேர்ந்த பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

இச்செய்திகளைத் தந்தைக்கும் மகனுக்கும் ஒருசேரக் கூறினோம். தந்தை நெடுநேரம் பேசவில்லை. பின்னர், "எழுதி வாங்கிக்கொண்டு வாசிக்கட்டும்" என்றார். இவ்விழா மேடையில் மாலை வாசிக்கவிருப்பவன் அம்மாணவனே. தொகை, உணவு, வண்டி வாடகை யாவும் குறித்து அவன் நீட்டிய தாளில் இரண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தினோம். நம் செயலாளர் கையெழுத்திட்ட பின்னரே டிரம்ஸ் வண்டியிலிருந்து இறங்கிற்று.