பட்டையும் சாம்பிராணியும்

(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



மெட்ரிகுலேஷனோடு கல்வியை முடித்து, இரயில்வேயில் எழுத்தராகப் பணிபுரியும் நாம் வேதியியல் பேசத் துணிந்ததைப் பொறுத்தருள வேண்டுகிறோம். நமது மண்டி மொஹல்லாவின் மளிகைக் கடைகளில் வாங்கும் இரு பண்டங்களே அத்துணிவைத் தந்தன. பட்டை அடுக்களைக்கு உரியது. சாம்பிராணி பூசையறைக்கு உரியது. இவ்விரண்டையும் உறவாக்கும் பொருள் ஒன்று உண்டு. அதுவே சின்னமிக் அமிலம்.

தூய நிலையில் அது வெண்ணிறப் படிகம். 133 பாகை செல்சியசில் உருகும். குளிர்ந்த நீரில் எளிதிற் கரையாது. தேனை ஒத்த மென்மணம் உடையது. பட்டை எண்ணெயின் பெரும்பகுதி சின்னமால்டிஹைடு என்பது. அது காற்றின் ஆக்சிஜனை ஏற்று, மெல்ல இவ்வமிலமாக மாறும். எண்ணெய்ப் புட்டியை இறுக மூடிவைக்கச் சொல்வது இதனாலேதான்.

தாவரங்கள் பினைல் அலனின் என்னும் அமினோ அமிலத்திலிருந்து அம்மோனியாவை நீக்கி இதனை ஆக்குகின்றன. மரத்துக்கு உறுதி தரும் லிக்னினும், மலர்களின் வண்ணப் பொருள்கள் பலவும் இதன் வழிவந்தவையே.

சுமத்திராச் சாம்பிராணியில் இவ்வமிலம் உண்டு. சயாம் சாம்பிராணியில் பென்சாயிக் அமிலமே மிகுதி. முன்னதைப் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுக் கரைசலிற் சூடாக்கினால் கசப்பு வாதுமையின் மணம் எழும். இரண்டையும் பிரித்தறிய மருந்தாளுநர் கையாண்ட வழி இது.

நறுமணப் பொருள்களிலும், வெயிலின் கொடுமையைத் தடுக்கும் பூச்சுகளிலும் இதன் வழிப்பொருள்கள் பயன்படுகின்றன. 1880இல் ஜெர்மானிய அறிஞர் பேயர் இதிலிருந்தே செயற்கை நீலச்சாயம் கண்டார். பின்னர் வேறொரு முறையில் 1897 முதல் ஆலைகள் அச்சாயத்தை விற்கத் தொடங்கவே, நம் நாட்டு அவுரிச் சாகுபடி வீழ்ந்தது.

இனி, தாய்மார்கள் சிறப்பாகக் கருதவேண்டிய செய்தி ஒன்று. செடிக்குள் இவ்வமிலத்திலிருந்து பிறக்கும் மற்றொரு பொருள் கூமரின். அது அளவு மிஞ்சினால் சிலருக்குக் கல்லீரலைத் தாக்கும். இலங்கையின் கறுவாப்பட்டையில் அது மிகச் சிறிதளவே உண்டு. மலிவான காசியாப் பட்டையிலோ மிகுதி. உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.1 மில்லிகிராம் என்பது ஐரோப்பிய அறிஞர் வகுத்த எல்லை. அதாவது 50 கிலோ எடையுள்ளவருக்கு 5 மில்லிகிராம். கிலோவுக்கு 3 கிராம் கூமரின் உள்ள காசியாத் தூளில் 2 கிராம் உண்டாலே 6 மில்லிகிராம் ஆகிவிடும்!

பிரியாணியில் இடும் துண்டுக்கு அஞ்ச வேண்டுவதில்லை. ஆனால், நீரிழிவுக்கு நல்லதென்று யாரோ சொல்லக் கேட்டு, நாள்தோறும் தேக்கரண்டி கணக்கில் பட்டைத் தூள் உண்போர் நம்மிடையே உளர். அவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்பார்களாக!

கறுவாப்பட்டை தாள்போல் மெல்லியது; பல அடுக்காகச் சுருண்டிருக்கும். காசியா தடித்தது, ஒற்றை அடுக்காய் இருபுறமும் உட்சுருண்டிருக்கும். நம் நாட்டு உணவு விதிகளும் இவற்றை இரு வேறு பண்டங்களாகவே கொள்கின்றன. தூளாக்கிய பின் கண் ஏமாறும். ஆதலின் பட்டையாகவே வாங்கி வீட்டில் இடிப்பதே நன்று.

மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் 1950 முதல் இயங்கிவரும் மைசூரில் நாம் வாழ்கிறோம். நம் குழந்தைகள் அத்தகைய கூடங்களில் ஆராய்வோராய் உயர்க! அதுவரை, அஞ்சறைப் பெட்டியே அவர்தம் முதற்பாடமாகட்டும்.