பட்டியலில் இல்லாத இரண்டு பதக்கங்கள்

10,000 மீட்டர் ஓட்டம் என்றால் 400 மீட்டர் தடத்தை 25 முறை சுற்றி வரவேண்டும். 2018 ஆகஸ்ட் 26 அன்று ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் அந்த 25 சுற்றையும் ஓடி, மூன்றாவதாக எல்லைக்கோட்டைத் தொட்டார் புதுக்கோட்டை ஜி. லட்சுமணன். நேரம் 29 நிமிடம் 44.91 வினாடி.

பதக்கம் தங்கவில்லை. ஓட்டத்தின் நடுவே அவர் கால் தடத்தின் உள்விளிம்பைத் தாண்டி ஒருமுறை பட்டதை நடுவர்கள் கண்டுபிடித்தார்கள். உள்ளே கால் வைத்தால் ஓடும் தூரம் குறையும் என்பதால் அப்போது விதி கறாராக இருந்தது. இந்தியத் தரப்பு முறையிட்டும் பலனில்லை. வெண்கலம் அடுத்து வந்த சீன வீரருக்குப் போனது. அவரோ 20 வினாடிக்கும் மேல் பின்தங்கி வந்தவர்! அந்த வேகத்தில் அது நூறு மீட்டருக்கும் மேற்பட்ட இடைவெளி. ஒரு காலடியில் எத்தனை அங்குலம் மிச்சமாகியிருக்கும்?

அந்தக் காலடியை வைத்தா லட்சுமணனை எடைபோடுவது? முந்தைய ஆண்டுதான் புவனேசுவரம் ஆசியத் தடகளப் போட்டியில் 5,000, 10,000 இரண்டிலும் தங்கம் வென்றிருந்தார்.

வென்ற பதக்கம் புதுக்கோட்டை மாவட்டத்தின் கைவிட்டுப் போனது அது முதல்முறையல்ல. செங்கல் சூளைத் தொழிலாளர் குடும்பத்தில் பிறந்தவர் கத்தக்குறிச்சி சாந்தி சௌந்தரராஜன். ஓடப் பழக்கியவர் தாத்தா. 2006 டிசம்பரில் தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரை 2 நிமிடம் 3.16 வினாடியில் ஓடி வெள்ளி வென்றார். பாலினச் சோதனையைக் காரணம் காட்டி அந்த மாதமே அதைப் பறித்தார்கள்.

லட்சுமணனாவது கோட்டை மிதித்தார். சாந்தி எதையும் மீறவில்லை. ஊக்கமருந்து இல்லை, ஏமாற்று இல்லை. பிறந்த உடம்போடு ஓடினார், அவ்வளவுதான். ஒடிசாவின் ஓட்ட வீராங்கனை துத்தி சந்த், பிறந்த உடம்பைக் காரணம் காட்டிப் பெண்களை விலக்கும் இப்படியொரு விதியை எதிர்த்து வழக்காடி, 2015-ல் சர்வதேச விளையாட்டு நடுவர் நீதிமன்றத்தில் அதை நிறுத்திவைக்கச் செய்தார். சாந்திக்கு அப்படித் துணை நிற்க 2006-ல் ஆள் இல்லை.

தமிழக அரசு மட்டும் ரூ.15 லட்சம் கொடுத்துக் கௌரவித்தது. அவர் புதுக்கோட்டைப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி தந்தார். 2012-ல் மறுபடியும் சூளை வேலை. பிறகு பெங்களூரில் பயிற்சியாளர் பட்டயம், தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தில் பயிற்சியாளர் பணி. பறித்த வெள்ளியைத் திருப்பித் தரவேண்டும் என்று அவர் கேட்டு வந்திருக்கிறார். கொடுக்கத்தான் வேண்டும்.